ஓரமாக நிற்பவர்களுக்கும் ஒரு பந்து

பூங்கா, திடல், விளையாட்டு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்களுடையது சின்ன ஊர். ஒரே பூங்கா, நடுவில் ஒரு பெரிய திடல். மாலையானால் பெரிய பையன்கள் அதை மொத்தமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ஆர்வமில்லை என்கிறார் பூங்காப் பொறுப்பாளர். உண்மையா மாஸ்டர்?

பதில்: ஆர்வமில்லாத பிள்ளை எதற்கம்மா வேலியோரம் வந்து நிற்கப்போகிறது? வீட்டிலேயே இருந்திருக்குமே.

1990களின் பிற்பகுதியில் வியன்னாவில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டியதும் பூங்காவுக்கு வரும் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைவது தெரிந்தது. பையன்களின் எண்ணிக்கை அப்படிக் குறையவில்லை. ஒரே திறந்தவெளியாகக் கிடந்தால் முட்டி மோதி இடம் பிடிப்பவர்களுக்குத்தான் அது சொந்தம். அதனால் 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். நடைபாதை போட்டார்கள், வாலிபாலும் பாட்மின்டனும் ஆட இடம் ஒதுக்கினார்கள், செடிகளை வைத்துப் பெரிய வெளியைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார்கள். பெண்பிள்ளைகள் மறுபடி வர ஆரம்பித்தார்கள்.

பாட்மின்டன் ஆடுகளம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். வாலிபாலுக்கு 18க்கு 9 மீட்டர், சுற்றிலும் கொஞ்சம் காலி இடம். ஒரு கால்பந்துத் திடலின் ஒரு பக்கத்திலேயே இரண்டும் அடங்கிவிடும். சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு கம்பம் நட்டுப் பாருங்கள். கோடு போட்ட இடத்தில் போய் நிற்கப் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும்.

அப்புறம் நேரம். ‘பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் தருகிறோம்’ என்று சிலர் காலை ஐந்தரை மணியைத் தூக்கிக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளாதீர்கள். வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது கேளுங்கள். கிடைத்ததை வாசல் பலகையில் எழுதி வையுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன நேரம் முதல் தகராறிலேயே காணாமல் போய்விடும்.

கேள்வி: ஆண்டுக்கொரு முறை வாலிபால் போட்டி நடத்துகிறோம். எட்டு அணிகள், நாக்-அவுட் முறை. நல்ல கூட்டம். ஆனால் போட்டி முடிந்ததும் திடல் காலியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு அணிக்கு நாக்-அவுட் என்றால் மொத்தமே 7 ஆட்டம். முதல் சுற்றிலேயே நாலு அணி மூட்டை கட்டிவிடும். அதுவும் எந்த நாலு? பழக்கம் குறைவான நாலு. யார் இன்னும் நிறைய ஆட வேண்டுமோ அவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஏற்கெனவே நன்றாக ஆடுபவர்களுக்கு மேலும் ஆட்டம் கொடுக்கிறோம். மாநில அணிக்கு ஆள் எடுக்க அது சரி. ஊர்ப் பூங்காவுக்கு ஒத்துவராது.

எல்லோரும் எல்லோரோடும் மோதும் லீக் வைத்தால் 28 ஆட்டம். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் வைத்தாலும் 14 வாரம் திடலில் ஆள் இருக்கும். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்குக்கூட ஏழு ஆட்டம் கிடைக்கும். அவ்வளவு நாள் முடியாதென்றால் நாலு நாலாக இரண்டு பிரிவு வையுங்கள், 12 ஆட்டத்தில் முதல் கட்டம் முடிந்துவிடும். நேரம் போதவில்லையா? ஐந்து செட் எதற்கு, மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி என்று வையுங்கள்.

கோப்பை வாங்கும் காசில் பாதிக்கு இரண்டு நல்ல பந்தும் ஒரு வலையும் வாங்கலாம். விழாக் குழுவினர் என்மேல் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கேள்வி: ஏழு வயது மகனைக் கூடைப்பந்துப் பயிற்சியில் சேர்த்தோம். பந்து வளையத்தை எட்டவே மாட்டேன் என்கிறது. அவனுக்கு இந்த ஆட்டம் வராதோ?

பதில்: வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்கான அளவு அது. ஏழு வயதுப் பையன் அங்கே பந்தை எப்படி அனுப்புகிறான் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். பந்தை இடுப்புக்குக் கீழே கொண்டுபோவான், முதுகை வளைப்பான், மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் மேலே வீசுவான். அந்த வீச்சு கையில் ஊறிவிட்டால், பின்னால் மாற்றுவதற்குள் பயிற்சியாளருக்குத் தலைமுடி நரைத்துவிடும்.

சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 2.60 மீட்டர்தான். பந்தும் சின்னது, 5ஆம் எண். இன்னும் சின்னப் பிள்ளை என்றால் அதற்கும் கீழே இறக்கலாம், யாரும் கேஸ் போட மாட்டார்கள். கால்பந்தும் அப்படித்தான், எண் கணக்கு மட்டும் வேறு: அதில் 5ஆம் எண் பந்து பெரியவர்களுக்கு, சிறு பிள்ளைகளுக்கு 3ஆம் எண். டென்னிஸில் தொடக்கப் பிள்ளைகளுக்கென்றே சிவப்புப் பந்து இருக்கிறது. வழக்கமான பந்தைவிட 75 சதவீதம் வேகம் குறைவு என்பதால், பிள்ளை ஓடிப்போய் நின்று பார்த்து அடிக்க நேரம் கிடைக்கும்.

உங்கள் மகனுக்கு ஆட்டம் வரும். வளையத்தைக் கீழே இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இலவச ஓட்டப் பயிற்சி தொடங்கினோம். முதல் வாரம் ஐம்பது பேர், மூன்றாம் வாரம் ஆறு பேர். இதை விட்டுவிடலாமா?

பதில்: ஆறு பேர் வந்தார்கள் அல்லவா, விடாதீர்கள். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் பால் சிண்டன்-ஹெவிட் என்பவர் ஓர் ஓட்டம் தொடங்கினார். முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர். அதுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் பார்க்ரன். சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கடைசியாக வருபவருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். அதனால் ஓட வந்த யாருக்கும் ‘நான்தான் கடைசி’ என்ற கூச்சம் கிடையாது. நேரம் குறிக்க, வழிகாட்ட என்று ஓடாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. முழங்கால் வலி என்று ஒதுங்கி நிற்பவர் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்துப் பாருங்கள், மறுவாரம் முதல் ஆளாக வந்து நிற்பார். நாளையும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள். மழை வந்தால் ரத்து, விசேஷம் வந்தால் தள்ளிவைப்பு என்று போனால் அந்த ஆறு பேரும் கரைந்துவிடுவார்கள்.

கேள்வி: அறுபதைத் தாண்டிவிட்டேன். ஒரு காலத்தில் கால்பந்து ஆடியவன். இப்போது நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

பதில்: நடை நல்லதுதான். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65க்கு மேல் சமநிலைக்கும் தசை வலுவுக்கும் தனியாக, வாரம் மூன்று நாளாவது பயிற்சி வேண்டும். நடைக் கால்பந்து என்று ஒன்று இருக்கிறது, 2011இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கியது. ஓடினால் ஃபவுல். முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பழைய கூட்டாளிகளைத் திரட்டுங்கள். யார் ஓடினார்கள் என்று நீங்கள் போடும் சண்டையிலேயே பாதி உடற்பயிற்சி ஆகிவிடும்.

கேள்வி: விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் பூங்கா அறையில் இருக்கின்றன. சாவி அலுவலகத்தில். கேட்டால் ‘தொலைந்துபோனால் யார் பொறுப்பு’ என்கிறார்கள்.

பதில்: பூட்டிய அறையில் இருக்கும் பந்தும் ஆட ஆள் இல்லாமல் காற்றிறங்கித்தான் போகும். திடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் இரண்டு பேரிடம் ஆளுக்கொரு சாவி கொடுக்கச் சொல்லுங்கள். எடுத்தவர் பெயர், நேரம் எழுத ஒரு நோட்டு. நோட்டில் பேனாவை நூல்போட்டுக் கட்டிவிடுங்கள், பந்துக்கு முன்னால் தொலைவது அதுதான்.