சுழி: தமிழாசிரியரிடம் கேள்வி பதில்

கேள்வி: சுற்று, சுழல், சுழி மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. பூமி தன் அச்சில் சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது. சுற்றுவதற்கு நடுவில் இன்னொன்று வேண்டும். சுழலத் தன் அச்சே போதும். சுழி இந்த இரண்டிலும் சேராது. வளைந்து வளைந்து ஒரு புள்ளிக்குள் போய் முடிவதுதான் சுழி. வெள்ளக் காலத்தில் பாலத்தூண் ஓரம் பாருங்கள். விழுந்த இலை முதலில் அகலமாக வட்டமடிக்கும், வட்டம் சிறுத்துக்கொண்டே வரும், கடைசியில் குத்திட்டு நின்று உள்ளே போய்விடும். அந்த வடிவம் தலைமுடியில் தெரிந்தாலும், மாட்டின் முதுகில் தெரிந்தாலும், எழுத்தில் தெரிந்தாலும் பெயர் சுழிதான். கரையில் நின்று மட்டும் பாருங்கள். மணல் அள்ளிய குழிக்கு மேலே தண்ணீர் சாதுவாகத்தான் தெரியும்.

கேள்வி: என் மகனுக்கு இரட்டைச் சுழி. இரண்டு கல்யாணம் என்கிறார்களே?

முடி வளர்கிற திசைக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: முகம் சுழித்தார், முகம் சுளித்தார். எது சரி?

சுளித்தார் என்றே எழுதுங்கள். ஆறு சுழிக்கும், முகம் சுளிக்கும். ழ, ள கவனம்.

கேள்வி: திருவலஞ்சுழி என்ற பெயர் எப்படி வந்தது?

கும்பகோணத்தை அடுத்து, சுவாமிமலைக்குப் பக்கத்து ஊர். காவிரி அங்கே வலமாகச் சுழித்துப் போவதால் அந்தப் பெயர். பாதாளத்துக்குள் புகுந்துவிட்ட காவிரி, ஏரண்ட முனிவர் தம்மையே பலியிட்டதும் மேலே வந்தாள் என்பது தலபுராணம். வெள்ளைப் பிள்ளையாரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மாடு வாங்கும்போது சுழி பார்ப்பது வீண்தானே?

சந்தையில் கோபுரச் சுழி, ஏறுபூரான் என்றால் விலை ஏறும். இறங்குபூரான், துடைப்பச் சுழி என்றால் ஆள் நகர்ந்துவிடுவார். ராசி கதையை நான் நம்பவில்லை. ஆனால் அமெரிக்காவில் கால்நடைகளின் நடத்தையை ஆராயும் டெம்பிள் கிராண்டின் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே அமைந்த மாடுகள் நகர முடியாதபடி பிடித்து நிறுத்தியபோது அதிகம் மிரண்டன. பல்லையும் குளம்பையும் முதலில் பாருங்கள், அப்புறம் சுழி.

கேள்வி: ‘மூன்று சுழி ண’ என்பது தவறு, டண்ணகரம் என்றே சொல்ல வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அந்தச் செய்தி எனக்கும் வாரம் தவறாமல் வருகிறது. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் அருமையான பெயர்கள். வண்டியில் ட-வுக்கு முன் ண், கன்றில் ற-வுக்கு முன் ன், பந்தில் த-வுக்கு முன் ந். இது பிடிபட்ட பிள்ளை ‘மன்டபம்’ என்று எழுதாது. ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கை எத்தனை முறை வளைய வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குச் சுழிக் கணக்கு வேண்டும். அதில் தவறு எங்கே வந்தது?

கேள்வி: ஐயா, சுழி சொல்லிச் சொல்லித்தானே உச்சரிப்பு போச்சு?

வாத்தியார் உச்சரித்துக் காட்டாததால் போச்சு. ணகரத்துக்கு நாக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொட வேண்டும், னகரத்துக்கு நுனி பல்லுக்குச் சற்றுப் பின்னால் பட்டால் போதும். வகுப்பில் இதைச் சொல்லிக் காட்டினால் பெயர்ச்சண்டையே வராது.

கேள்வி: அப்படியானால் பழைய ணை-க்கு நான்கு சுழியா?

அது சுழியல்ல, துதிக்கை. ணை, லை, ளை, னை நான்கிற்கும் தலையில் அப்படி ஒரு வளைவு இருந்தது. பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றபோது போய்விட்டது.

கேள்வி: எனக்கும் இரட்டைச் சுழி, பெண் பார்க்கிறார்கள்...

மேலே பதில் இருக்கிறது. பெண் வீட்டாரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: பேத்திக்கு மூன்று சுழி. என்ன பலன்?

சேட்டை அதிகமாக இருந்தால் ‘சுழி சும்மா இருக்காது’ என்று சொல்லிக்கொள்ளலாம். வேறு பலன் இல்லை. சுழிப் பலன் கேட்பவர்கள் சோதிடரிடம் போகலாம்.

கேள்வி: சுழியம் என்றால் பூஜ்யமா, பலகாரமா?

கணக்குப் புத்தகத்தில் பூஜ்யம். அடுப்படியில் பருப்பும் வெல்லமும் சேர்ந்த பூரணத்தை மாவில் முக்கிப் பொரிப்பது. சிலர் சுசியம் என்பார்கள், சிலர் சுகியன் என்பார்கள். செய்முறை என் துறை அல்ல.