ரோமானியக் கண்ணாடிக் குடுவையைக் கழுவலாமா?

கேள்வி: என் பெரியப்பா பல ஆண்டுகளுக்கு முன் ஜெருசலேமில் வாங்கிய சிறு குடுவை இப்போது என்னிடம் இருக்கிறது. ரோமானியர் காலத்தது என்று சொல்லி விற்றார்களாம். பச்சை கலந்த நீல நிறம். கழுத்தைச் சுற்றிக் கண்ணாடி இழை. மேலே வானவில் நிறத்தில் ஒரு பூச்சு. தொட்டால் செதிலாக உதிர்கிறது. சோப்புப் போட்டுக் கழுவலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம், வெறும் தண்ணீரும் வேண்டாம். பழைய கண்ணாடி என்றால், உதிர்வது குடுவையின் சொந்த மேல்தோல். மணலையும் எகிப்திலிருந்து வந்த நாட்ரான் என்ற சோடிய உப்பையும் உருக்கித்தான் ரோமானியர் காலத்தில் கண்ணாடி செய்தார்கள். நூற்றாண்டுக்கணக்கில் ஈரமண்ணில் புதைந்து கிடக்கும்போது அதன் மேற்பரப்பிலிருந்து சோடியம் கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது மணலின் மூலப்பொருளான சிலிக்கா நிறைந்த மெல்லிய ஏடுகள். அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் வானவில்லாகத் தெரிகிறது. செய்தவர் இந்த நிறத்தைப் பார்த்ததே இல்லை. பச்சை கலந்த நீலம் மட்டும் அவர் காலத்திலேயே இருந்தது. மணலில் இருக்கும் இரும்பு தருவது அது.

அவர் கைப்பட்ட அலங்காரம் அந்த இழை. சூடான குடுவையின் கழுத்தில் உருகிய கண்ணாடியை ஒட்டவைத்து, குடுவையைச் சுழற்றச் சுழற்ற இழை சுற்றிக்கொள்ளும். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: பெரும்பாலும் தொடங்கிய இடத்தில் ஒரு திரட்சியும் முடிந்த இடத்தில் மெலிந்த வாலும் தெரியும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள போர்ட்லேண்ட் குடுவை என்ற புகழ்பெற்ற ரோமானியக் குடுவையில் நீலக் கண்ணாடிமேல் வெள்ளைக் கண்ணாடியைப் போர்த்தி உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். அது செல்வந்தர்களுக்கான வேலைப்பாடு. சாதாரண வீடுகளில் புழங்கிய குடுவையின் இழை என்னை அதைவிட அதிகம் ஈர்க்கிறது. நொடிகளில் முடிந்த கைவேகம் அதில் அப்படியே நிற்கிறது.

அசலா என்பதை வானவில் நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். அமிலத்தாலும் பூச்சாலும் அதைப் போலியாக வரவழைக்கிறார்கள். இழையையும் இன்றைய கைவினைஞர் சுற்றிவிட முடியும். தொல்கண்ணாடி அறிந்த பாதுகாப்பு வல்லுநர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை உதிர்ந்த செதில்களை ஒரு சிறு டப்பாவில் எடுத்து வையுங்கள். பசையோ வார்னிஷோ தடவ வேண்டாம். ஏசி போட்டும் அணைத்தும் ஈரப்பதம் ஏறி இறங்கும் அறை ஆகாது. கதவுள்ள அலமாரி நல்லது. தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள்.

பெரியப்பாவின் பழைய காகிதங்களையும் தேடிப் பாருங்கள். இஸ்ரேலில் உரிமம் பெற்ற கடைகள் தொல்பொருள் விற்கலாம். ஆனால் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதை நாட்டைவிட்டு எடுத்துச்செல்லத் தொல்பொருள் துறையின் அனுமதி வேண்டும். ரசீதோ அனுமதிச்சீட்டோ கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். வல்லுநர் முதலில் கேட்பது அதைத்தான்.