பெரிய வீட்டின் பூர்வீகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அம்மம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த பெரிய நாற்சார் (நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய) கல்வீடு எங்களுடையது. முதலில் ஒரு டாக்டர் டிஸ்பென்சரி வைத்திருந்தாராம். பிறகு மாணவர் விடுதி, சண்டைக் காலத்தில் படையினர், அதன்பின் ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகம். இப்போது விருந்தினர் விடுதியாக்கப் போகிறோம். வீட்டின் வயதை எப்படி அறிவது?

பதில்: தாத்தாமாரின் பெயரைப் பிடித்துத் தேடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் சீதனமாக மகளுக்குப் போவதால், ஒவ்வொரு தலைமுறையிலும் உறுதியில் (காணிப் பத்திரத்தில்) வேறொரு குடும்பப் பெயர் வரும். ஆகவே பெண்வழியில் போங்கள். அம்மம்மாவின் சீதன உறுதியில், எழுதிக்கொடுத்தவருக்கு அந்த ஆதனம் எப்படி வந்தது என்று சொல்லும் பகுதியில் முந்தைய உறுதியின் இலக்கமும் திகதியும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் இருக்கும். அந்த இலக்கத்தோடு காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பாருங்கள். வீதிப் பெயரும் கதவிலக்கமும் மாறியிருக்கும். காணியின் பெயர் இலேசில் மாறாது.

ஒவ்வொரு உறுதியிலும் இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பரப்பளவு. 18 குழி 1 பரப்பு, 16 பரப்பு 1 ஏக்கர். அன்று 8 பரப்பாக இருந்தது இன்று 3 என்றால், வீட்டின் பழைய குசினியோ வண்டிக் கொட்டிலோ இப்போது பக்கத்து வளவுக்குள் நிற்கக்கூடும். மற்றது வளவின் அடக்கம். ஓர் உறுதியில் கிணறும் பனையும் மட்டும், அடுத்ததில் 'கல்வீடு' என்றால், கட்டியது பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் இடையில். ஆனால் பழைய உறுதியின் விபரத்தை அப்படியே பிரதி பண்ணிவிடுகிற நொத்தாரிசுமாரும் உண்டு; ஆகவே மாநகரசபையின் சோலைவரி (வீட்டுவரி) பதிவோடு ஒத்துப் பாருங்கள்.

கூரையும் கொஞ்சம் சொல்லும். தட்டையான மங்களூர் ஓட்டின் அடியில் தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அதற்கு முந்திய கூரை இந்த ஓட்டில் வேயப்பட்டிருக்க முடியாது. ஆனால் அது கூரையின் வயதுதான், சுவரின் வயதல்ல. பழைய பீலி ஓட்டை (அரைவட்ட ஓட்டை) கழற்றிவிட்டு இதைப் போட்ட வீடுகள் ஏராளம்.

கேள்வி: அதே வீட்டில் சீமெந்து பூசிய சுவர் இரண்டு மாரிக்குள் உப்புப் பூத்து, பாளம் பாளமாக விழுகிறது. மேசன் இன்னும் பலமாகப் பூசச் சொல்கிறார்.

பதில்: பலமாகப் பூசினால் இன்னும் கெதியாக விழும். சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்து அதை மறிக்கிறது. மறிபட்ட ஈரம் காயும்போது உப்பு பூச்சுக்குப் பின்னால் மணியாகி, பூச்சையே தள்ளிவிடுகிறது.

முதலில் நடுமுற்றத்தின் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்காக முற்றத்தை மூடி, தண்ணீர் போகும் பீலியை அடைத்திருந்தால் வருத்தத்தின் மூலம் அங்கேதான். பிறகு ஈரம் ஏறிய உயரத்துக்கும் மேலே ஒரு முழம் வரை சீமெந்தைக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் திரும்பச் சுவருக்குள் போகும். சுவர் ஒரு கோடை முழுதும் காயட்டும்.

நீற்றிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, கழுவிய மணல் 3 பங்கு. கடல் மணல் வேண்டாம், அதுவே உப்பு. கல்லுச் சுண்ணாம்பை (சுட்ட, இன்னும் தண்ணீர் படாத சுண்ணாம்பை) நீற்றுவதானால், தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். நீற்றிய களியை ஒரு மாதமாவது தண்ணீர் மூடியபடி வையுங்கள். ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் பூச வேண்டாம். ஒரு கிழமைக்கு ஈரச்சாக்கால் மறைத்து வையுங்கள். சோளகம் (தென்மேல் காற்று) வீசும் நாட்களில் சாந்து வேகமாகக் காய்ந்து வெடிக்கும். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். எமல்ஷன் பெயின்ற் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

கேள்வி: நல்லூர் மந்திரிமனை சங்கிலி மன்னன் காலத்து மாளிகையா?

பதில்: மந்திரியின் மனை என்ற பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. சங்கிலியின் யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. இன்று பருத்தித்துறை வீதியில் நிற்கும் கட்டடத்தின் முகப்பிலும் வளைவுகளிலும் ஐரோப்பியச் சாயல் தெளிவாகத் தெரிகிறது. மந்திரியின் பெயர் அந்த நிலத்துக்கு உரியதாக இருக்கலாம், சுவர்கள் பிந்தியவை.