ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தலாமா?

கேள்வி: முடக்குவாதத்துக்கு அம்மா மூன்று மாதமாகத் தினமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மி.கி. சாப்பிடுகிறார். புனலூருக்கு வந்த இடத்தில் தீர்ந்துவிட்டது. கடையில் டெக்சாமெதாசோன் என்ற வேறொரு ஸ்டீராய்டைத் தருகிறார்கள். வாங்கலாமா, நிறுத்திவிடலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிடும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியும் உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசால் தயாரிப்பில் மந்தமாகிவிடும். அந்த நிலையில் மாத்திரையும் நின்றால் தலைச்சுற்றல், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டெக்சாமெதாசோன் 0.75 மி.கி., பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம், அதே 10 மி.கி. என்று மாற்றிக் கொடுத்தால் வீரியம் ஆறு மடங்குக்கு மேல் ஏறிவிடும். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை இன்றே வாங்கி, காலை உணவுக்குப் பின் கொடுங்கள். குறைப்பதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார், 5 மி.கி.க்குக் கீழே இன்னும் மெதுவாக. வாந்தியில் மாத்திரை தங்கவில்லையென்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தேவைப்படும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.