மைக்கேல் மோஸ்லி: மருத்துவம் படித்துத் தொலைக்காட்சிக்குப் போனவர் – வாசகர் கேள்வி பதில்

வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் சாப்பிட்டு, இரண்டு நாள் மட்டும் உணவைக் கடுமையாகக் குறைக்கும் 'ஐந்துக்கு இரண்டு' முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அதை உலகறியச் செய்த பிபிசி தொகுப்பாளர் மைக்கேல் மோஸ்லியின் பெயரை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அவரைப் பற்றியே கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மோஸ்லி உண்மையிலேயே மருத்துவரா? மருத்துவர் என்றால் தொழிலை ஏன் விட்டார்? ஒரு மருத்துவ இடத்தை வீணாக்கியதாகாதா? (மருத்துவ மாணவி, தஞ்சாவூர்)

முறைப்படி படித்துத் தேறிய மருத்துவர்தான். ஆனால் அந்தத் தொழிலில் தொடர்ந்து இருந்தவர் அல்லர். 1957 மார்ச் 22 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை வங்கியாளர். சிறு வயதிலேயே இங்கிலாந்தில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட மோஸ்லி, ஆக்ஸ்ஃபோர்டின் நியூ கல்லூரியில் தத்துவமும் அரசியலும் பொருளாதாரமும் படித்துவிட்டு, லண்டனில் சுமார் இரண்டு ஆண்டுகள் வங்கி வேலை பார்த்தார். பணத்தைக் காட்டிலும் மனிதர்கள்மீதுதான் தமக்கு ஆர்வம் என்று தெளிந்த பிறகே, மனநல மருத்துவராகும் எண்ணத்தோடு லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் மனைவியான கிளேர் பெய்லியைச் சந்தித்ததும் அங்கேதான்; கிளேர் பொது மருத்துவராகவே தொடர்ந்தார். படிப்பு முடியும் தறுவாயில், மனநல மருத்துவத்தால் நோயாளிகளுக்குச் செய்ய முடிவது தாம் நினைத்ததைவிடக் குறைவு என்ற ஏமாற்றம் மோஸ்லிக்கு ஏற்பட்டது. 1985இல் பிபிசியில் பயிற்சி உதவித் தயாரிப்பாளராகச் சேர்ந்துவிட்டார்.

இடம் வீணானது என்று நான் கருதவில்லை. அடுத்த கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: திரையில் தோன்றுவதற்கு முன் அவர் குறிப்பிடும்படியாக ஏதேனும் செய்திருக்கிறாரா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

அவருடைய வாழ்நாள் பணியில் ஆகச் சிறந்தது என்று நான் கருதுவதே, அவர் முகம் காட்டாத காலத்தில் எடுத்த ஒரு படம்தான். 1994இல் பிபிசியின் 'ஹொரைசன்' வரிசையில் அவர் தயாரித்த 'அல்சர் வார்ஸ்' அது.

அதன் பின்னணியைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அருமை விளங்கும். இரைப்பைப் புண் என்பது கவலையாலும் காரத்தாலும் அமிலம் மிகுவதாலும் வருவது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவதும், நிறுத்தினால் புண் திரும்ப வருவதும், முடியாதபோது அறுவை சிகிச்சைக்குப் போவதும்தான் நடைமுறை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்கூற்றியல் நிபுணர் ராபின் வாரனும் இளம் மருத்துவர் பாரி மார்ஷலும், புண்ணுள்ளவர்களின் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமி ஒன்று குடியிருப்பதைக் கண்டார்கள். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி எப்படி வாழும் என்று கேட்டு நிபுணர்கள் ஒதுக்கினார்கள். 1984இல் மார்ஷல், கிருமி வளர்த்த கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. குழாய் விட்டு எடுத்த திசுவில் இரைப்பை அழற்சியும் கிருமியும் இருந்தன. அதுதான் இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் கிருமி. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சில நாட்கள் கொடுத்தால் புண் ஆறிவிடும், பெரும்பாலோருக்குத் திரும்பாது என்பது அதன் பொருள்.

பத்தாண்டுகள் கழித்து மோஸ்லி படம் எடுத்தபோதும் பிரிட்டனின் பெரும்பாலான நோயாளிகளுக்கு இச்செய்தி போய்ச் சேரவில்லை. அதே 1994இல்தான் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவும் நுண்ணுயிர்க்கொல்லிச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. படம் ஒளிபரப்பானதும், தங்களுக்கும் அந்தச் சிகிச்சை கிடைக்குமா என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் கடிதம் எழுதினார்கள். மறு ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் மோஸ்லியை அவ்வாண்டின் மருத்துவ இதழாளராகத் தேர்ந்தெடுத்தது. வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2005இல். மருத்துவம் படித்த ஒருவர் ஆய்விதழைத் தாமே படித்துப் புரிந்துகொண்டு, எது ஆதாரம் எது வெறும் வழக்கம் என்று பிரித்தறிந்து, பரிசு வருவதற்கு 11 ஆண்டுகள் முன்பே அதை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தார். வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்திருந்தால் இத்தனை பேரை அவர் ஒரே மாலையில் சந்தித்திருக்க முடியாது.

கேள்வி: நாடாப்புழுவை விழுங்கியவர் இவர்தானா? எதற்காக அப்படிச் செய்தார்? (வாசகி, ஈரோடு)

இவரேதான். 50 வயதில், 2007இல், தங்கள் உடம்பிலேயே சோதனை செய்துகொண்ட மருத்துவர்களைப் பற்றிய 'மெடிக்கல் மேவரிக்ஸ்' தொடரின் மூலம் அவர் தொகுப்பாளராகத் திரைக்கு வந்தார். அதுவரை மற்றவர்களை முன்னிறுத்திப் படமெடுத்தவர், அதன்பின் தம்மையே சோதனைப் பொருளாக முன்னிறுத்தினார். மார்ஷலின் கதை அவரை எவ்வளவு ஆழமாகத் தொட்டிருந்தது என்பதற்கு இதுவே சான்று என்று எனக்குப் படுகிறது.

2014இல் ஒளிபரப்பான ஒட்டுண்ணிகள் பற்றிய நிகழ்ச்சிக்காகக் கென்யாவுக்குப் போய், அறுத்த மாட்டின் இறைச்சியில் இருந்த நாடாப்புழுக் கூடுகளைத் தேடி எடுத்து விழுங்கினார். மாட்டு இறைச்சிப் புழுவையே தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனியுங்கள்: பன்றி இறைச்சிப் புழுவின் முட்டைகள் மனித உடலுக்குள் போனால் அதன் இளம் பருவம் மூளைவரை சென்று வலிப்பை உண்டாக்கக்கூடும், மாட்டுப் புழு குடலோடு நின்றுவிடும். சில வாரங்கள் கழித்து, மாத்திரை அளவுள்ள கேமராவை விழுங்கி, தம் குடலில் புழு நெளிவதைத் திரையில் பார்த்தார். உடல் மெலியும் என்று பலரும் நினைப்பதற்கு மாறாக அவர் எடை சுமார் ஒரு கிலோ கூடியிருந்தது. பிறகு மருந்து உட்கொண்டு புழுவை அழித்தார். யாரும் இதைப் பார்த்துச் செய்துவிடக் கூடாது. அவருக்குப் பின்னால் ஒட்டுண்ணியியல் நிபுணர்கள் இருந்தார்கள்.

கேள்வி: ஒருவர் உடம்பில் நடந்ததை வைத்து எல்லோருக்கும் மருத்துவம் சொல்லலாமா? (பொறியாளர், கோயம்புத்தூர்)

கூடாது. அதற்கு அவருடைய நிகழ்ச்சியிலேயே நல்ல விடை இருக்கிறது. 2012இல் உடற்பயிற்சி பற்றி எடுத்த படத்தில், 20 விநாடி முழு வேகத்தில் மிதிவண்டிப் பொறியை மிதித்து, சற்று ஓய்ந்து, அதை மும்முறை செய்யும் பயிற்சியை வாரம் மூன்று நாளாக நான்கு வாரங்கள் செய்தார். ஆய்வாளர் ஜேமி டிம்மன்ஸ் வழிகாட்டினார். முடிவில், இன்சுலினுக்கு அவர் உடல் காட்டிய எதிர்வினை 24 விழுக்காடு மேம்பட்டிருந்தது. இதயமும் நுரையீரலும் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறனோ துளிகூட மாறவில்லை. மரபணுச் சோதனையும் முன்கூட்டியே அதைத்தான் சொல்லியிருந்தது: பயிற்சிக்கு அவ்வகையில் பலன் காட்டாத சிறுபான்மையினரில் அவரும் ஒருவர். இந்தத் தோல்வியை மறைக்காமல் படத்திலேயே காட்டினார். அவரை நான் மதிப்பது இதற்காகத்தான். அவர் உடம்பு பார்வையாளரை உள்ளே அழைக்கும் வாசலாக இருந்தது. ஆதாரம் எப்போதும் ஆய்வாளர்களிடம்தான் இருந்தது. அந்த வேறுபாடு காக்கப்பட்ட நிகழ்ச்சிகளே அவருடைய நல்ல நிகழ்ச்சிகள்.

கேள்வி: 'ஐந்துக்கு இரண்டு' அவருடைய கண்டுபிடிப்பா? (இல்லத்தரசி, சேலம்)

பெயரும் வடிவமும் அவரால் பரவின. அடிப்படை ஆய்வுகள் பிறருடையவை. 2012இல் இரத்தப் பரிசோதனையில் தமக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. தந்தையும் அந்நோயால் அவதிப்பட்டவர். மாத்திரைக்கு முன் வேறு வழி உண்டா என்று தேடிப் புறப்பட்ட பயணமே, அந்த ஆகஸ்டில் ஒளிபரப்பான ஹொரைசன் படம். நூறு வயதைத் தாண்டியும் மாரத்தான் ஓடிய பஞ்சாபியரான ஃபௌஜா சிங்கை அதில் சந்திக்கிறார். சிகாகோவில் ஒருநாள் விட்டு ஒருநாள் உணவைக் குறைக்கும் முறையை ஆராய்ந்த கிறிஸ்டா வரடியையும் சந்திக்கிறார். மான்செஸ்டரில் மிஷெல் ஹார்வி குழுவினர் வாரத்தில் இரண்டு நாள் உணவுக் குறைப்பை ஏற்கெனவே ஆராய்ந்திருந்தனர். ஆண்களுக்கு 600 கலோரி, பெண்களுக்கு 500 கலோரி என்று இரண்டு நாள் வரம்பை வைத்து மோஸ்லி கடைப்பிடித்து, சில மாதங்களில் சுமார் ஒன்பது கிலோ குறைந்தார். இரத்தச் சர்க்கரையும் இயல்பு நிலைக்கு வந்தது. 2013இல் வெளிவந்த நூல் பல நாடுகளில் விற்பனையில் முன்னணிக்குப் போனது.

இடைவெளி விட்டு உண்பது தினமும் அளவாக உண்பதைவிட மேலானதா என்ற கேள்விக்கு, 2017இல் வரடியின் குழுவே விடை தந்தது: நூறு பேரை ஓராண்டு கண்காணித்ததில், இரு முறைகளிலும் எடைக் குறைவு ஏறத்தாழ ஒன்றுதான், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பதைப் பாதியில் கைவிட்டவர்கள்தான் அதிகம். யாருக்கு எது தொடர்ந்து செய்ய இயல்கிறதோ அதுவே அவருக்குப் பொருத்தமானது என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அவர்மீது விமர்சனமே இல்லையா? (கல்லூரி மாணவர், மதுரை)

உண்டு, நியாயமானதும் உண்டு. 2020இல் சேனல் 4இல், 21 நாளில் ஒரு ஸ்டோன், அதாவது ஆறு கிலோவுக்குச் சற்று மேல், எடை குறைப்பதாக வந்த அவருடைய நிகழ்ச்சியை, உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களுக்காகப் பணியாற்றும் 'பீட்' என்ற பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு கண்டித்தது. பாதிக்கப்படுவோருக்காகத் தன் உதவி எண்ணின் நேரத்தையும் நீட்டித்தது. உணவைக் கண்டு அஞ்சி ஒடுங்கும் இளம்பெண்ணும் அதே நிகழ்ச்சியைப் பார்க்கிறாள் என்பதைத் தயாரித்தவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து. நாள்கணக்கைத் தலைப்பிலேயே போட்டு எடை குறைப்பை விற்பதில், 'அல்சர் வார்ஸ்' எடுத்தவரின் நிதானம் இல்லை. 2021இல் பிபிசி ரேடியோ 4இல் தொடங்கிய 'ஜஸ்ட் ஒன் திங்' ஒலித்தொடரில் அந்த நிதானம் திரும்பியது. காலையில் சிறிது நடப்பது, பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, பீட்ரூட் உண்பது என்று ஒரு தடவைக்கு ஒரே ஒரு பழக்கம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆய்வாளரின் விளக்கம். அவ்வளவுதான்.

கேள்வி: உடல்நலம் பேசியவர் 67 வயதிலேயே இறந்துவிட்டாரே, அவர் சொன்னதை எப்படி நம்புவது? (வணிகர், விருதுநகர்)

அவர் நோயால் படுத்து இறந்தவர் அல்லர். 2024 ஜூன் 5 அன்று கிரேக்கத்தின் சிமி தீவில், கடுமையான வெயிலில், கைப்பேசியை எடுத்துக்கொள்ளாமல் தனியே நடக்கக் கிளம்பினார். பாறையும் கல்லுமான மலைப்பாதையில் நெடுந்தூரம் நடந்து, அகியா மரினா கடற்கரையை நெருங்கும் இடத்தில் விழுந்துவிட்டார். நான்கு நாள் தேடலுக்குப் பின் ஜூன் 9 அன்று உடல் கிடைத்தது. இறப்பின் காரணத்தை உறுதியாக நிர்ணயிக்க இயலவில்லை என்றும், வெப்பத்தாக்கமோ கண்டறியப்படாத உடற்கோளாறோ காரணமாக இருக்கலாம் என்றும் பிரிட்டனில் விசாரித்த அதிகாரி முடிவு செய்தார். இதைக் கொண்டு அவர் பேசியவற்றை எடைபோடுவது பொருந்தாது. அவற்றை எடைபோட ஆய்வுகள் இருக்கின்றன.

கேள்வி: எனக்கு 52 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறேன். ஐந்துக்கு இரண்டு முறையை நாளையே தொடங்கலாமா? (வாசகர், திருச்சி)

நாளையே வேண்டாம். முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். கிளிமெபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து; 600 கலோரி உண்ணும் நாளில் அதே அளவு மாத்திரையைப் போட்டால் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம்வரை போகலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் போடுபவர்களும், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் தாங்களாக எதையும் தொடங்கவே கூடாது.

உணவுக் குறைப்பால் சர்க்கரை நோய் கட்டுக்குள் வருமா என்றால், வர வாய்ப்புண்டு. ராய் டெய்லரும் மைக்கேல் லீனும் பிரிட்டனில் நடத்திய 'டைரக்ட்' ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத நோயாளிகளுக்குச் சில மாதங்கள் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்ததில், ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றி நோய் தணிந்த நிலையில் இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது நான்கு விழுக்காடு. அந்த ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் முதல் நாளே நிறுத்தியவர்கள் மருத்துவக் குழுவினர். நோயாளிகள் தாமாக நிறுத்தவில்லை. உங்கள் மூன்று மாதச் சர்க்கரை அளவையும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்துச் சென்று, உணவைக் குறைக்கும் நாளில் எந்த மாத்திரையை எவ்வளவு எடுப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.