வேலையை விடும் முன் ஒரு சித்திரையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் சொந்த வீடு. ஐ.டி. கம்பெனியில் ஒன்பதரை வருடம் நெருங்குகிறது, பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. பண்ருட்டிக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் செம்மண் நிலம் விலைக்கு வந்திருக்கிறது. ஒரு போர், நாற்பது முந்திரி மரம். தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு அங்கேயே குடிபோய்விட நினைக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறார். பையன் ஐந்தாம் வகுப்பு. என் முடிவு சரிதானா?
— வாசகர், லாஸ்பேட்டை

பதில்: நிலத்துக்கு வாருங்கள், தம்பி. வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையையும் என் வீட்டுக்காரர் கடையையும் விட்டுவிட்டுக் காடாம்புலியூர் பக்கம் கொல்லை வைத்தவர்கள். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வோம். ஆனால் இந்தத் தையில் வேண்டாம். ஒரு கார்த்திகையையும் ஒரு சித்திரையையும் அந்த மண்ணில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் ராஜினாமா எழுதுங்கள்.

காரணம் சொல்கிறேன். தையில் எங்கள் பக்கம் எல்லா நிலமும் அழகாகத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருக்கும். கிணறு மேலே நிற்கும், முந்திரி பூத்திருக்கும், வரப்பெல்லாம் பச்சை. தரகர்கள் ஆளைக் கூட்டிவருவதும் இந்த நேரத்தில்தான். அதே போரைச் சித்திரையில் ஓட்டிப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை எடுத்துப் போங்கள். காலையில் மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு டிரம்மைக் குழாயடியில் வைத்து எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று செல்போனில் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் ஒரு ஏக்கர் ஒரு முறை நனைய எட்டு, ஒன்பது மணி நேரம். மும்முனை மின்சாரம் அங்கே எத்தனை மணி நேரம் வருகிறது, எப்போது வருகிறது என்று பக்கத்துக் கொல்லைக்காரரிடம் கேட்டு, இந்தக் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். இத்தோடு விட்டுவிடாதீர்கள். மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டு, எத்தனை மணி நேரத்தில் குழாய் காற்று வாங்க ஆரம்பிக்கிறது, நிறுத்தியபின் ஊறி மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். பக்கத்துப் போர்களும் ஓடும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முழு நாள் போகும். நிலம் வாங்கும் பணத்துக்கு முன்னால் அந்த ஒரு நாள் ஒன்றுமே இல்லை.

தண்ணீரின் குணத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மண் பரிசோதனை நிலையத்தில் உப்பளவு பார்க்கக் கொடுங்கள். இன்னொன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் அதில் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே வைத்தால் இன்னும் நல்லது. பருப்பு வேகாத தண்ணீரில் குடும்பம் நடத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்?

கார்த்திகையில் பார்க்க வேண்டியது வேறு. மழை விட்ட மறுநாள் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாக வடிகிறது, நிலத்துக்குப் போகும் வழியில் வண்டி இறங்குகிறதா என்று பாருங்கள். 2015 நவம்பர் மழையில் பண்ருட்டிப் பக்கத்தில் ஓடையோர வீடுகளே அடித்துக்கொண்டு போயின. 2024-ல் ஃபெஞ்சல் புயல் உங்கள் ஊரில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியதையும், அடுத்து தென்பெண்ணை கரைமீறியதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். எந்த ஓடை எந்தப் பக்கம் திரும்பும் என்று புலப்படம் முழுதாகச் சொல்லாது. அங்கே மாடு மேய்க்கும் பெரியவர் சொல்வார்.

இரண்டு ஏக்கரில் நாற்பது மரம்தான் என்றால் அதையும் கேளுங்கள். வழக்கமான இடைவெளியில் ஏக்கருக்கே எண்பது மரம் நிற்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியபோது இங்கே முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அன்று தப்பிய கிழட்டு மரங்களா, அதற்குப்பின் வைத்த ஒட்டுக்கன்றுகளா என்பதைப் பொறுத்து வருமானம் தலைகீழாக மாறும்.

பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம், பாதை உரிமை எல்லாம் நல்ல வக்கீலிடம் கொடுங்கள். மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் நீங்களே பாருங்கள்.

இப்போது வேலை விஷயம். இன்னும் ஆறேழு மாதம் பொறுத்தால் பத்து வருடம் முடிகிறது. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருடம் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷனுக்கு உரிமை வரும். இந்த நேரத்தில் விட்டுவிட்டு வருவானேன்? கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்தப் பாலிசி ஒன்றைச் சம்பளம் வரும்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது வேலையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கட்டும். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காத்திருக்கும் அந்த மாதங்களில் சும்மா இருக்க வேண்டாம். அதே ஊரில் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடியுங்கள், எழுத்தில் எழுதிக்கொண்டு. மார்கழியில் மல்லாட்டை (வேர்க்கடலை) போடுங்கள். களை எடுக்க ஆள் கிடைக்கிறதா, கூலி என்ன, பறித்த காயை யார் எடுக்கிறார், எடை போடும்போது என்ன கழிக்கிறார் என்று எல்லாம் அந்த அரை ஏக்கர் சொல்லிவிடும். செடியைப் பிடுங்கும் வேலை பங்குனி, சித்திரை வெயிலில் வரும். அந்த வெயிலில் நின்றபிறகும் உங்களுக்கு ஆசை இருந்தால் அது நிஜமான ஆசை.

உங்கள் மனைவி பற்றி. அவர் வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. இதுதான் என்னை உறுத்துகிறது. அவர் வேலைக்குப் போகிறவரா, இரவில் பக்கத்தில் வீடு இல்லாத இடத்தில் தனியாக இருக்கப் பயமா, பையன் பள்ளிக்கூடமா? கேளுங்கள், நடுவில் பேசாமல் கேளுங்கள். பையன் விஷயத்தில் அவர் பயத்துக்கு அர்த்தம் உண்டு. புதுச்சேரி ஒதுக்கீட்டில் மேற்படிப்பு இடம் கேட்கப் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று தேவைப்படும். ரேஷன் கார்டைத் தமிழ்நாட்டுக்கு மாற்றும் முன் இதை யோசிக்க வேண்டும். அதே சமயம் நிலம் தமிழ்நாட்டில் என்பதால் சொட்டுநீர் மானியம் முதலானவற்றுக்கு நீங்கள் போகவேண்டியது கடலூர் மாவட்ட அலுவலகங்களுக்கு. ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு முழு மானியம் உண்டு, சிறு குறு விவசாயி சான்று வேண்டும். லாஸ்பேட்டை வீட்டை விற்கவே விற்காதீர்கள். பையன் பள்ளி முடிக்கும்வரை அவர்கள் அந்த வீட்டில், நீங்கள் போய்வருவது என்று வைத்துக்கொண்டாலும் குறைச்சல் இல்லை. ஒன்றரை மணி நேரத் தூரம்தானே.

கேள்வி: என் கணவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். மாமனாரின் ஒரு காணி நிலம் முழுக்கக் கரும்பு. அதை அழித்துவிட்டுக் காய்கறி போடுவோம் என்கிறார் கணவர். மாமனார் சம்மதிக்கவில்லை. தினம் சண்டை. நடுவில் நான்.
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, உங்கள் மாமனார் பிடிவாதத்தால் மட்டும் சொல்லவில்லை. ஆற்றோரத்து ஊர் உங்களுடையது. மழைத் தண்ணீர் சில நாள் தேங்கினாலும் கரும்பு தாங்கும், கத்தரி இரண்டே நாளில் வேர் அழுகிப்போகும். அவர் வாழ்நாளெல்லாம் அதைப் பார்த்தவர். உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கரும்பு வெட்ட பத்துப் பன்னிரண்டு மாதம், ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரக் காத்திருப்பு, பணத்துக்கு மறுபடி காத்திருப்பு. மாதச் சம்பளம் வாங்கிப் பழகியவருக்கு அது மூச்சுமுட்டும்.

ஒரு காணி என்பது 132 சென்ட். மேடான பக்கம் முப்பது சென்டைக் கணவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மீதியில் கட்டைக் கரும்பு (வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது) இருக்கட்டும். ஆலையில் பதிவு செய்த கரும்பைப் பாதியில் அழிக்கவும் கூடாது. முப்பது சென்டில் கத்தரி, வெண்டை, கொஞ்சம் கீரை. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம், 1905-லிருந்து இருக்கிற பண்ணை. அங்கே போய் விதையும் யோசனையும் கேளுங்கள். கத்தரியில் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு என்று அர்த்தம். அன்றன்றைக்கே கிள்ளி எடுத்துச் செடிக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். வயலிலேயே போட்டால் திரும்ப ஏறும். கூடவே அந்துப்பூச்சியை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுங்கள்.

கடலூர் உழவர் சந்தையில் கடை போட உழவர் அடையாள அட்டை வேண்டும், நிலம் மாமனார் பேரில் இருப்பதால் அவர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் அனுப்புங்கள். விடியுமுன் எழுந்து காய் பறிக்கிறது நீங்கள் என்றால், சந்தைக் காசு உங்கள் கைக்கு வரவேண்டும். அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். அதை விற்று இரண்டு கறவை மாடு வாங்கலாமா? வீட்டோடு ஐந்து சென்ட் இடம் இருக்கிறது.
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஆட்டோவை விற்காதீர்கள். ஒரு கலப்பினப் பசுவுக்குத் தினம் 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் வேண்டும், வைக்கோல், தவிடு, புண்ணாக்கு தனி. ஐந்து சென்டில் கொட்டகை போட்டால் புல் எங்கே வளரும்? மொத்தத் தீவனத்தையும் விலைக்கு வாங்கினால் பால் காசு அதிலேயே போய்விடும். மாடு வருடம் முழுக்கக் கறக்காது, கன்று ஈனும் முன் இரண்டு மாதம் வற்றவிட வேண்டும். அந்த இரண்டு மாதமும் வாய்க்குத் தீனி உண்டு. இருபது, முப்பது சென்ட் குத்தகைக்குக் கிடைத்தால் முதலில் கோ-5 தீவனப்புல் கரணை நடுங்கள். புல் வெட்டுக்கு வந்தபிறகு ஒரு மாடு. ஆட்டோ அதுவரை ஓடட்டும். புல் கட்டு ஏற்றிவரவும் அதுதான் வேண்டும்.

கேள்வி: சுரங்க வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றிருக்கிறேன். வடலூர் பக்கம் ஒரு ஏக்கர் மேட்டு நிலம் வாங்கியாகிவிட்டது. முந்திரி வைப்பதா, பலா வைப்பதா? முந்திரிக்கு வேலையே இல்லை என்கிறார்களே?
— வாசகர், நெய்வேலி

பதில்: வேலையே இல்லை என்று சொன்னவர் பங்குனியில் கொல்லைக்குள் வந்ததில்லை, ஐயா. மார்ச்சிலிருந்து மே வரை பழம் தானாக உதிரும். விடிந்ததும் குனிந்தபடி தாழ்ந்த கிளைகளுக்குள் நுழைந்து, சருகுக்குள் கிடக்கும் பழத்தைத் துழாவி எடுத்து, கொட்டையை மட்டும் திருகிக் கூடையில் போட வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் புடவைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார்கள். பழச்சாறு பட்ட கறை துணியை விட்டுப் போகாது. ஒருநாள் விட்டால் மழையோ பன்றியோ முந்திக்கொள்ளும். பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சி குருத்தைக் கருக்கிவிடும், வாரம் ஒரு முறையாவது மரத்தைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் தயார் என்றால் முந்திரி நல்ல மரம், மேட்டு நிலத்துக்கு ஏற்ற மரம்.

ஒரே மரமாக வைக்காதீர்கள். முந்திரியை முக்கால் பங்கும், வேலியோரம் பாலூர் 1 போன்ற ஒட்டுப் பலாவும் வைக்கலாம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு எட்டும் தூரம்தான். அங்கே வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்று கேளுங்கள். மூன்றாம் வருடத்திலிருந்து காய்க்கும், ஆனால் பேர் சொல்லும் வருமானத்துக்கு இன்னும் சில வருடம் ஆகும். முதல் மூன்று வருடம் இடையில் மல்லாட்டை, உளுந்து போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றரை அடிக் குழி, ஏழு மீட்டர் இடைவெளி. ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுங்கள். அதில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை அவிழ்த்துவிடுங்கள், அப்படியே விட்டால் தண்டு பெருக்கும்போது இறுக்கி, காற்றடித்ததும் அந்த இடத்திலேயே முறியும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள். முதல் இரண்டு வருடம் பூ வந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதையும் கிள்ளிவிடுங்கள்.