தோள் இடிக்கும் உருளலும் தம்பியின் மணிக்கட்டும்

வீடியோ பார்த்து, ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் மே உகேமி, அதாவது முன்னோக்கி உருள்வது, பழகும்போது வலது தோள்முனை தரையில் இடிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் கை பாதியில் மடங்கிவிடுவதுதான் காரணம். நின்றபடி உருள்வதை இப்போதைக்கு விடுங்கள். கனமான விரிப்பில் இடது முழங்காலை ஊன்றி, வலது பாதத்தை முன்னே வையுங்கள். வலது கையை வில்போல வளைத்து, சுண்டுவிரல் ஓரம் முதலில் தரையைத் தொடட்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முகத்தை இடப்பக்கம் திருப்புங்கள். எடை கை வழியாகத் தோளின் பின்புறம் ஏறி, முதுகில் குறுக்காக இடது இடுப்புக்குப் போக வேண்டும். தலை தரையைத் தொடவே கூடாது. வலி குறையும்வரை இதுவும் வேண்டாம். கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் தம்பிக்கு கோதே கயேஷி, அதாவது மணிக்கட்டைத் திருப்பி வீழ்த்தும் பிடி, போட்டுப் பழகுவதாகவும் சொல்கிறீர்கள்; அதை தயவுசெய்து நிறுத்துங்கள். அவருக்கு விழத் தெரியாது, அதனால் முழு விசையும் மணிக்கட்டில்தான் இறங்குகிறது. எவ்வளவு திருப்பினால் போதும் என்பதை ஆசிரியர் கை வைத்துத்தான் உணர்த்த முடியும். தனியாகப் பழக தென்கான் (சுழன்று திரும்புவது), இரிமி (முன்னே நுழைவது), ஷிக்கோ (முழங்காலில் நடப்பது) போன்ற அசைவுகள் இருக்கின்றன. ஆசிரியர் கிடைக்கும்வரை வீடியோவை அவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். உங்களையே பக்கவாட்டில் படம்பிடித்துப் பார்த்தால் கை எங்கே மடங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.